முழங்கால் டீச்சர்

எனக்கு முழங்காலில் ஒருநாளும் வலி இருந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அந்த ஊரில் என் வயதுக்காரர்கள் யாராவது இன்னும் மிச்சமிருந்தால், அவர்கள் என்னை முழங்கால் டீச்சர் என்றுதான் ஞாபகம் வைத்திருப்பார்கள். என்னிடம் படித்த பிள்ளைகளே அப்படித்தான் சொன்னார்கள், எனக்குக் காது கேட்காது என்று நினைத்துக்கொண்டு.

ஊரின் பெயரைச் சொல்லமாட்டேன். தர்மபுரி மாவட்டத்தில் ஒரு சின்ன டவுன், அவ்வளவு போதும். அங்கே இருந்த ஆஸ்பத்திரிக்கும் அந்தரங்கம் என்று ஒன்று இருக்கலாம். அது என்னுடையதைக் காப்பாற்றவில்லை என்பதற்காக நான் அதன் மானத்தை வாங்குவது நன்றாக இருக்காது. ஆகவே இதில் வருகிறவர்கள் யாருக்கும் பெயர் கிடையாது. என் வலியே முழங்கால் என்ற பொய்ப் பெயரில்தான் நாலு மாதம் வைத்தியம் பார்த்துக்கொண்டது.

வலி வந்த கதை சின்னது. அறுபதுகளின் கடைசி. டவுனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரம் போகவேண்டிய ஒரு கிராமத்தில், பஞ்சாயத்துப் பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் இரண்டு நாற்காலிகள். நல்லது ஹெட்மாஸ்டருக்கு. கால் ஒன்றைக் கம்பியால் கட்டி வைத்திருந்தது எனக்கு. ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்தார். நான் பாடம் நடத்தி முடித்தேன், அவர் தலையை ஆட்டினார், நான் பெருமையாக உட்கார்ந்தேன். கம்பி விட்டுக்கொண்டது. நாற்காலி ஒரு பக்கம் போக, நான் அப்படியே கல் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளைகள் சிரிக்காமல் இருப்பதற்குப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

"அடி கிடி பட்டுச்சாம்மா?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"இல்லீங்க சார்" என்றேன். நான் பொய் சொல்ல ஆரம்பித்த நாள் அதுதான்.

முதுகெலும்பு போய் முடிகிற இடத்தில்தான் அடி. அந்த இடத்துக்கு எங்கள் பக்கத்தில் ஒரு சொல் இருக்கிறது. அதைச் சண்டையில் மட்டும்தான் எடுப்பார்கள். இரண்டு பேர் வரப்புத் தகராறில் நிற்கும்போது அது நாலு முறையாவது வந்து போகும். மற்ற நேரத்தில் யாருக்கும் அப்படி ஓர் இடமே கிடையாது. வலி மட்டும் அந்த மரியாதை தெரியாமல் அங்கேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நான்தான் உட்கார முடியவில்லை.

மூன்று வருஷம் நின்றேன். நின்றுகொண்டே பாடம் நடத்தினேன். பஸ்ஸில் நின்றேன். கல்யாண வீடுகளில் பந்தியில் உட்காரச் சொல்வார்களே என்று பயந்து, போனவுடன் வாளியைத் தூக்கிக்கொண்டு சாம்பார் ஊற்றப் போய்விடுவேன். ஓடியாடி வேலை செய்கிற பெண் என்று சொந்தக்காரர்கள் மத்தியில் எனக்கு நல்ல பெயர் வந்தது. இதெல்லாம் வலி வாங்கிக் கொடுத்த பெயர்.

உண்மை தெரிந்தவர் என் கணவர் ஒருவர்தான். தாலுகா ஆபீசில் குமாஸ்தா, நல்ல மனிதர். மூன்றாம் வருஷம் தைப்பொங்கல் முடிந்ததும் அவர் சொன்னார்: "பஸ்ஸுலயும் நின்னு, பள்ளிக்கூடத்துலயும் நின்னு, எத்தன நாளைக்குத்தான் நோவத் தாங்குவ? ஆஸ்பத்திரியில காட்டு. ஜூன்ல பள்ளிக்கூடம் தொறக்கறதுக்குள்ள செரியாவலைன்னா வேலைய வுட்டுடு."

அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. எங்கள் வீட்டில் அதுவரை எந்தப் பெண்ணும் சம்பளத்துக்குக் கையெழுத்துப் போட்டதில்லை. அந்தக் கரும்பலகையின் முன்னால் நிற்கிற நேரம்தான் என் நாளில் எனக்கே எனக்கு என்று இருந்த நேரம். அதை ஒரு கம்பி கட்டிய நாற்காலிக்குத் தாரைவார்க்க எனக்கு மனம் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் புது நோய்க்கு எல்லா நாளும் உண்டு. நாள்பட்ட வலிக்காரர்களுக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான். மூட்டுவலி, முதுகுவலி, தலைவலி என்று வருஷக்கணக்காக வலியை வளர்க்கிறவர்கள் எல்லோரும் செவ்வாய்க்கிழமை காலையில் வந்து கூடுவோம். அதே முகங்கள். வரிசையில் இடம் பிடிக்க ஆள் நிற்கவேண்டியதில்லை. மருந்து வாங்கக் கொண்டுவந்த பாட்டிலையோ கூடையையோ வைத்துவிட்டு நிழலுக்குப் போய்விடலாம். பாட்டில்கள் வெயிலில் வரிசையாக நிற்கும். நோயாளிகளைவிட அவை ஒழுங்காக நிற்கும்.

முதலில் சீட்டு வாங்க வேண்டும். சீட்டு எழுதுகிறவர் ஜன்னலுக்கு உள்ளே இருப்பார். வயதானவர், வீட்டில் கன்னடம் பேசுகிறவர், இடது காது கேட்காது. ஜன்னல் அவருக்கு இடது பக்கம்.

"என்ன நோவு? சொல்லு, பேகா பேகா" என்று அவசரப்படுத்துவார்.

சொன்னால் கேட்காது. திரும்பச் சொல்ல வேண்டும். அப்போதும் கேட்காது. மூன்றாவது முறை நாம் சொல்லவேண்டியதில்லை, வரிசையே சொல்லும். எனக்கு முன்னால் நின்ற ஒருவர் மெல்லிய குரலில் என்னவோ சொன்னார். அவருக்குப் பின்னால் நின்றவர் கையை வாயில் குவித்துக்கொண்டு, "மூலமாமுங்கோ! ரத்தம் போவுதாம்!" என்று கத்தி உதவி செய்தார். "எத்தன நாளா?" என்று உள்ளேயிருந்து கேள்வி. "ஆறு மாசமா!" என்று வரிசையின் நடுவிலிருந்து இன்னொருவர் பதில் சொன்னார். நோயாளி வாயே திறக்கவில்லை. சீட்டு கைக்கு வந்துவிட்டது.

அடுத்தது நான். என் பின்னால் நாற்பது பேர். அதில் எங்கள் தெரு ஆட்கள் ஐந்தாறு பேர், என்னிடம் படிக்கிற பையனின் தகப்பனார் ஒருவர், ஹெட்மாஸ்டரின் மைத்துனி. மூன்று வருஷத்து வலியைத் தொண்டை வரை கொண்டுவந்து வைத்திருந்தேன். சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற புண்ணியவான் உதவி செய்யத் தயாராகத் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"முழங்கால்" என்றேன்.

முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டுவிட்டது. கௌரவமான வலி எதுவும் எங்கள் ஊரில் சீக்கிரம் காதில் விழும்.

சரி, சீட்டில் என்ன இருந்தால் என்ன, டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் இளவயதுக்காரர். ஒரே டாக்டர். வராந்தாவில் மேஜை போட்டிருந்தார். ஸ்டூலில் ஒருவர், ஸ்டூலுக்கு இடதுபுறம் ஒருவர், வலதுபுறம் ஒருவர் என்று மூன்று பேரைக் கூப்பிடுவார். ஒருவரிடம் கேள்வி கேட்டு, இன்னொருவர் நாடியைப் பிடித்து, மூன்றாமவர் சீட்டில் எழுதுவார். கெட்டிக்காரர்தான். மருந்து மாறிப்போய் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் நிற்கிறவர்களும் சும்மா நிற்கமாட்டார்கள். "அவங்க எண்ணெப் பலகாரம் திங்கறாங்க டாக்டர், அத்தச் சொல்லுங்க" என்று எடுத்துக் கொடுப்பார்கள். வாசல்படியில் கம்பவுண்டர் நின்று டாக்டர் சொல்வதைப் உள்ளறையில் உட்கார்ந்து எழுதுகிற பதிவேட்டுக்காரருக்குக் கேட்கும்படி திருப்பிச் சொல்வார். பஸ் ஸ்டாண்டில் ஊர்ப் பெயரைச் சொல்லி ஆள் சேர்ப்பது போல இருக்கும்.

"எங்கம்மா வலி?"

ஸ்டூலில் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. உட்காராமல் நிற்பதைப் பார்த்தாவது புரிந்துகொள்ளக் கூடாதா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இடதுபக்கம் நின்றவர் என் முகத்தைப் பார்த்தார். வலதுபக்கம் நின்றவர் என் சீட்டைப் படித்து, "முழங்காலுங்க டாக்டர்" என்றார்.

"முழங்கால்!" என்றார் கம்பவுண்டர், ஊருக்கே.

நர்ஸம்மாவிடமாவது சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். அவர் தங்கமானவர். ஆனால் அவருக்கு மெதுவாகப் பேச வராது. பிரசவ வார்டில் இருபது வருஷம் இருந்த குரல் அது. அவரிடம் ரகசியம் சொல்வதும் தண்டோரா போடுவதும் ஒன்றுதான். பெண் டாக்டர் அப்போது கிடையாது.

முழங்காலுக்கு வைத்தியம் ஆரம்பமானது. தேய்க்க ஒரு தைலம், குடிக்க ஒரு தண்ணி மருந்து, வாரம் ஓர் ஊசி. தண்ணி மருந்தை அவரவர் பாட்டிலில்தான் வாங்க வேண்டும். கம்பவுண்டரிடம் நாலே ஜாடிகள். சிவப்பு வயிற்றுக்கு, வெள்ளை நெஞ்சுக்கு, பழுப்பு இருமலுக்கு, மஞ்சள் வலிக்கு. செவ்வாய்க்கிழமை எனக்கு அரைநாள் லீவு; பாட்டிலைக் கையில் பிடித்துக்கொண்டு மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் பஸ் ஏறினால் யாருக்கு என்ன என்று பஸ்ஸுக்கே தெரியும். "மஞ்சளா? எங்க நோவுது?" என்று கண்டக்டரே கேட்பார், டிக்கெட் கிழிப்பதற்கு முன்னால். நான் ஒரு தடவை பாட்டிலுக்குத் துணி சுற்றி எடுத்துப் போனேன். அதைவிடப் பெரிய தப்பு இல்லை. துணி சுற்ற வேண்டிய நோய் என்ன நோயோ என்று பின்சீட்டில் விவாதமே நடந்தது. அடுத்த வாரமே துணியை எடுத்துவிட்டேன்.

ஊசிதான் பெரிய வேடிக்கை. அந்த ஊசியைக் கையில் போடமாட்டார்கள். நர்ஸம்மா என்னை ஜன்னல் பக்கம் திருப்பி நிற்க வைத்து, புடவையைச் சற்று இறக்கி, வலிக்கிற இடத்திலிருந்து நாலு விரற்கடை தள்ளிப் போடுவார். நாலே விரற்கடை. அங்கிருந்து முழங்காலுக்கு இரண்டு சாண் தூரம். மருந்து என் வலியை எட்டிப் பார்த்துவிட்டு, சீட்டில் எழுதிய விலாசத்தைத் தேடிக் கீழே போய்விடும் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வரும். வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டு அழுகையும் வரும்.

ஊர் அதற்குள் என் முழங்காலைத் தத்தெடுத்துக்கொண்டது. பிரண்டை வந்தது. முடக்கத்தான் கட்டுக்கட்டாக வந்தது. பாப்பாரப்பட்டி சந்தையிலிருந்து ஒருவர் ஆட்டுக்கால் வாங்கிவந்து கொடுத்தார். நாங்கள் மாமிசம் சாப்பிடாதவர்கள், பக்கத்து வீட்டு முழங்கால்கள் பலமடைந்தன. இவ்வளவு பேர் அக்கறைப்படும்போது நொண்டாமல் நடப்பது நன்றி கெட்டதனம் அல்லவா? கொஞ்சம் நொண்ட ஆரம்பித்தேன். தெருவில் மட்டும், பிறகு பள்ளிக்கூடத்திலும். ஒருநாள் ஹெட்மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், நேத்து எடது கால் இல்லீங்களா?"

"ரெண்டுந்தானுங்க சார்" என்றேன். "ஒருநாள் அது, ஒருநாள் இது."

அவர் மிகவும் வருத்தப்பட்டார். தம்முடைய நாற்காலியில் உட்காரச் சொன்னார். மூன்று வருஷமாக நான் ஆசைப்பட்ட நாற்காலி. அதில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்து, சிரித்துக்கொண்டே உயிரை விட்டேன்.

என் நாடகத்தைக் கண்டுபிடித்தவர் ஒரே ஒருவர். எங்கள் தெருக் கோடியில் தையல் கடை வைத்திருந்த பாயின் மனைவி. நான் அக்கா என்று கூப்பிடுவேன். அவரும் செவ்வாய்க்கிழமைக்காரர், தலைவலி என்று சீட்டு வாங்கி இரண்டு வருஷமாக வந்துகொண்டிருந்தார். ஒருநாள் பஸ் ஸ்டாண்ட் வரை பேசிக்கொண்டே வந்தவர், யாரும் இல்லாத இடமாகப் பார்த்து நின்றார்.

"டீச்சரம்மா, ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காதீங்க. முழங்கால் நோவுறவங்க எடம் கெடச்சா உக்காருவாங்க. நீங்க காலி பெஞ்சு இருந்தாலும் நிக்கறீங்க."

பிடிபட்டுவிட்டேன். அவர் வேறு எதுவும் கேட்கவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "வெயில் பாருங்க, இன்னும் சித்திரையே பொறக்கல" என்று பேச்சை மாற்றிவிட்டார். நான் நன்றி சொல்லக்கூட இல்லை.

கோடை விடுமுறை வந்தது. வலி ஓர் அரிசி அளவுகூடக் குறையவில்லை. மே மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை டாக்டர் என் சீட்டைப் புரட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"இவ்வளவு நாளாச்சு, கொஞ்சங்கூடக் கேக்கலையே. அடுத்த வாரம் முழங்கால் மூட்டுக்குள்ளயே ஊசி போட்டுப் பாத்துடலாம். கொஞ்சம் வலிக்கும். தயாரா வாங்க."

"மூட்டுக்குள்ளயே ஊசி!" என்றார் கம்பவுண்டர். வரிசை முழுக்க உச்சுக்கொட்டியது.

அந்த ஒரு வாரம் நான் என் முழங்கால்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு பாவமும் அறியாத முழங்கால்கள். என் வெட்கத்துக்காக அவற்றில் ஒன்று குத்துப்படப் போகிறது. எதைக் கொடுப்பது என்றுகூட நான்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ஜூனுக்கு மூன்று வாரம்தான் இருந்தது. கணவர் வேலை விஷயமாக ஒன்றும் கேட்கவில்லை; ராஜினாமா எழுத நல்ல வெள்ளைத்தாளாக வாங்கி மேஜைமேல் வைத்திருந்தார், அவ்வளவுதான். செவ்வாய்க்கிழமை விடிந்தபோது, என்ன ஆனாலும் சொல்லிவிடுவது என்று கிளம்பினேன். அதற்கு ஒரு மறைப்பு வேண்டும்.

மறைப்பு இருந்தது. அதுதான் வயிற்றெரிச்சல். பச்சைத் துணி கட்டிய, மடக்கி விரிக்கிற மூன்று பலகை ஸ்கிரீன் ஒன்று ஆஸ்பத்திரிக்கென்றே மேலிடத்திலிருந்து வந்திருந்தது. அதை டாக்டரின் புது ஸ்கூட்டருக்கு வெயில் படாமல் சுற்றி வைத்திருந்தார்கள். அந்த ஆஸ்பத்திரி வளாகத்திலேயே மானத்தோடு நின்றது அந்த ஸ்கூட்டர் ஒன்றுதான்.

என் முறை வந்தது. "வாங்கம்மா, எந்தக் கால்?" என்றார் டாக்டர், ஊசியைக் கொதிநீரிலிருந்து எடுக்கச் சொல்லிக்கொண்டே.

"டாக்டர், அந்த ஸ்கிரீனைக் கொஞ்சம் எடுத்தாரச் சொல்லுங்க."

"முழங்கால் பாக்க ஸ்கிரீன் எதுக்கு?"

"வேணுங்க டாக்டர்" என்றேன். வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற குரல் வந்துவிட்டது.

"டீச்சருக்கு ஸ்கிரீன் வேணுமாம்!" என்று கம்பவுண்டர் அறிவித்தார். நிழலில் இருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். பாட்டில் வைத்துவிட்டு டீ குடிக்கப் போனவர்களும் திரும்பி வந்தார்கள். இரண்டு பேர் ஸ்கிரீனைத் தூக்கிக்கொண்டு, சாமி சப்பரம் போல ஆடி ஆடி வராந்தாவில் கொண்டுவந்து வைத்தார்கள். ஒரு பலகையில் துணி கிழிந்திருந்தது. டாக்டர் மற்ற இருவரையும் வெளியே போகச் சொன்னார். நர்ஸம்மா மட்டும் உள்ளே வந்து நின்றார். ஸ்கிரீன் மூடியது.

உடனே ஆஸ்பத்திரி அமைதியாகிவிட்டது.

அந்த அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. நூறு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அழுதுகொண்டிருந்த ஒரு குழந்தையின் வாயை யாரோ பொத்தினார்கள். ஸ்கிரீன் இல்லாதபோது இரைச்சலாவது இருந்தது. இப்போது நான் எச்சில் விழுங்குவதுகூடக் கடைசி ஆள் வரை கேட்டிருக்கும். கிழிசல் வழியாகப் பதிவேட்டுக்காரரின் காது தெரிந்தது.

"சொல்லுங்கம்மா" என்றார் டாக்டர்.

உதட்டை அசைத்தேன்.

"என்னம்மா? சத்தமாச் சொல்லுங்க."

முடியவில்லை. ஊசி தட்டில் இருந்தது. எந்தக் காலை நீட்டலாம் என்று யோசித்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், வலது காலை நீட்டுவதற்குப் புடவையைக்கூடச் சற்றுத் தூக்கிவிட்டேன்.

அப்போதுதான் வெளியே அந்தக் குரல் வெடித்தது.

"ஏம்மா, எவ இந்தக் கூடைய முன்னால தள்ளுனது? நான் விடிஞ்சதும் வந்து பாட்டில் வெச்சவ! எனக்கு முன்னால கூடை எப்புடி வரும்?"

தையல்கடை அக்கா. தெருவில் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. கூடைக்காரி வத்தல்மலையிலிருந்து இறங்கி வருகிற ஒரு பெண். அவளும் தலை நோவு என்றுதான் ஆறேழு மாதமாக வந்துகொண்டிருந்தாள். கூடையை அவள் தொடவேயில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு கணம் அவள் திகைத்திருக்க வேண்டும். பிறகு அவளுக்கு ஏதோ விளங்கிவிட்டது.

"நானா தள்ளுனேன்? கோழி கூவறப்ப மலைய வுட்டு எறங்குனவ நான்! எங்கூடையப் பேசறதுக்கு நீ யாரு?"

"பேசுவேன்! பாட்டில ஒடச்சிருந்தா?"

"ஒடைக்கலியே! ஒடைக்கட்டுமா?"

சண்டைக்கு முன்னால் நோய் எம்மாத்திரம்? கூட்டம் அப்படியே திரும்பியது. கிழிசலில் இருந்த காது காணாமல் போனது. ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொண்டு நாட்டாமை செய்ய ஆரம்பித்தார்கள். கம்பவுண்டர், "அமைதி! அமைதி!" என்று எல்லோரையும்விட அதிகமாகக் கத்தினார்.

அந்த இரைச்சலுக்கு உள்ளே நின்றுகொண்டு நான் சொன்னேன். "முழங்கால் இல்லீங்க டாக்டர். முழங்கால் எப்பவும் நோவலை." எங்கே வலிக்கிறது என்பதைச் சொன்னேன். நாற்காலியைச் சொன்னேன். மூன்று வருஷத்தையும் சொன்னேன்.

டாக்டர் என் சீட்டை எடுத்துப் பார்த்தார். மேலிருந்து கீழ்வரை முழங்கால், முழங்கால், முழங்கால் என்று அவரே எழுதியிருந்தார். முதல்முறையாக மெதுவாகப் பேசினார்.

"ஏம்மா மொதல்லயே சொல்லல?"

"எங்க நின்னு சொல்றதுங்க டாக்டர்?"

அவர் சீட்டை மடித்து மேஜைமேல் வைத்தார். நர்ஸம்மாவைக் கொண்டு பார்க்கவேண்டியதைப் பார்த்தார். உட்காரும் எலும்பில் அடி, உள்ளே பழைய விரிசலாக இருக்கலாம், இது அடிக்கடி வருகிற சங்கதிதான் என்றார். முழுக்கக் குணமாகும் என்று அவர் சொல்லவில்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. வெந்நீரில் உட்காரச் சொன்னார். சைக்கிள் டியூபை வளையமாகக் கட்டிக் காற்றடைத்து, மேலே துணி தைத்து, எங்கே போனாலும் அதைப் போட்டு உட்காரச் சொன்னார். நர்ஸம்மா என் கையைப் பிடித்து அழுத்தினார். ஒரு வார்த்தை பேசவில்லை. இருபது வருஷக் குரலை அவர் அன்று எனக்காக விழுங்கிக்கொண்டார்.

நான் வெளியே வந்ததும் சண்டை தானாக அடங்கியது. அக்கா என் முகத்தைப் பார்த்தார், பார்க்காதவர் போலத் தன் பாட்டிலை எடுத்துத் துடைத்தார். ஸ்கிரீனை ஸ்கூட்டருக்கே திருப்பிக் கொண்டுபோக இருவர் வந்து கை வைத்தார்கள்.

"இருங்க சாமி" என்றாள் மலைக்காரப் பெண். "அது இருக்கட்டும். நானும் உள்ள போய்ப் பேசணும்."

கூடையை என் காலடியில் வைத்துவிட்டு உள்ளே போனாள். ஸ்கிரீன் மூடியது. கூட்டம் மறுபடியும் வாயை மூடி, காதைத் திறந்தது. அக்கா என்னைப் பார்த்தார். கத்திக் கத்தி அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. இப்போது என் முறை.

எனக்குச் சண்டை போட வராது. அந்த நேரத்தில் ஒரு கெட்ட வார்த்தைகூட ஞாபகத்துக்கு வரவில்லை. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வரிசையில் தாய்மாரின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு விடுமுறைப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். நான் கையை உயர்த்தினேன்.

"ஓரேழு ஏழு!"

பிள்ளைகள் விழித்தார்கள். விடுமுறையில் இந்தக் கொடுமை அவர்கள் எதிர்பாராதது. ஆனால் பழக்க தோஷம் விடுமா?

"ஓரேழு ஏழு!" என்றார்கள்.

"ஈரேழு பதினாலு!"

"ஈரேழு பதினாலு!"

"மூவேழு இருபத்தியொண்ணு!"

நாலேழு வரும்போது தாய்மாரும் சேர்ந்துகொண்டார்கள். டீச்சருக்கு முழங்காலிலிருந்து மூளைக்கு ஏறிவிட்டது என்று யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். வராந்தா அதிர்ந்தது. நிழலில் படுத்திருந்த நாய் எழுந்து போய்விட்டது. ஏழாம் வாய்ப்பாடு முடிகிற நேரத்தில் மலைக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள். அவளுக்கு என்ன நோவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது. தெரியாமல் இருக்கத்தானே அவ்வளவு கத்தினேன்.

அடுத்து அக்கா உள்ளே போனார். எட்டாம் வாய்ப்பாடு. அவருக்குப் பின்னால் இன்னொருத்தி, அவளும் தலைவலிக்காரி. ஒன்பதாம் வாய்ப்பாடு. எங்கள் ஊரில் பெண்களுக்கு இவ்வளவு தலைவலி ஏன் என்று அன்றைக்குத்தான் டாக்டருக்குப் புரிந்திருக்கும். அன்று பதினாறாம் வாய்ப்பாடு வரை போனோம்.

அந்த வாரமே டியூபை வளையமாகக் கட்டி, பாய் அதற்குப் பூப்போட்ட சீட்டித் துணியில் உறை தைத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை. வலி போகவில்லை, ஆனால் என்னோடு சேர்ந்து உட்காரக் கற்றுக்கொண்டது. கணவர் வாங்கி வைத்த வெள்ளைத்தாளில் பாடக்குறிப்பு எழுதினேன். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறந்தது. வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். முழங்கால் நோவுக்கு எதற்கு டீச்சர் உட்கார வளையம் என்று கண்டக்டர் கேட்டார். நரம்பு எல்லாம் அங்கேதான் ஆரம்பம் என்றேன். அதையும் நம்பினார்.

அதற்கு முன்னால், அடுத்த செவ்வாய்க்கிழமையைச் சொல்லவேண்டும். பாட்டிலை வைத்துவிட்டு வராந்தாவைப் பார்த்தேன். ஸ்கிரீன் இல்லை. அது மறுபடியும் ஸ்கூட்டரைச் சுற்றி நின்றுகொண்டிருந்தது, கிழிசலைக்கூடத் தைத்துவிட்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வரிசையில் முதல் ஆளாக ஒரு சின்னப் பெண், கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான் இருக்கும், டாக்டரின் மேஜையை நோக்கித் தலையைக் குனிந்துகொண்டு போனாள். இடதுபுறம் ஒருவர், வலதுபுறம் ஒருவர். கம்பவுண்டர் வாசல்படியில் தயாராக நின்றார்.

"எங்கம்மா வலி?" என்றார் டாக்டர்.

அந்தப் பெண் வாயைத் திறப்பதற்குள், வரிசையின் கடைசியிலிருந்து ஒரு குரல் கிளம்பியது. பள்ளிக்கூடப் படியே ஏறாத குரல். மலைக்காரப் பெண், கூடையைத் தலையிலிருந்து இறக்காமலே நின்றுகொண்டு, "ஓரேழு ஏழு" என்றாள். நாலைந்து பேர் சேர்ந்துகொண்டார்கள். "ஈரேழு பதினேழு" என்று அடுத்தது வந்தது. மூவேழு முப்பதுக்குப் போனது.

எத்தனையோ வருஷம் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஒரு தப்பையும் திருத்தாமல் விட்டதில்லை. அன்றைக்கு என்னால் முடிந்த மட்டும் உரக்க, மூவேழு முப்பது என்று நானும் சொன்னேன்.